மூளையிலும் துளிர் விடும்

விரலில் அரிவாள் பட்டுவிட்டது. ரத்தம் வருகிறது. துணி சுற்றிக் கட்டுகிறோம். பத்து நாளில் புண் ஆறிவிடுகிறது. அந்த இடத்தில் புதுத் தோல் வந்துவிடுகிறது.

நகத்தை வெட்டுகிறோம். மறுபடி வளர்கிறது. எலும்பு முறிந்தாலும் கட்டுப் போட்டால் கூடிவிடுகிறது. ரத்த தானம் செய்தால் புது ரத்தம் ஊறிவிடுகிறது.

நம் உடம்பு தன்னைத் தானே சரி செய்துகொள்கிறது. இது நமக்குத் தெரியும்.

ஆனால் மூளை? அதுவும் அப்படிச் சரி செய்துகொள்ளுமா? மூளையில் புதிதாக ஏதாவது முளைக்குமா?

இந்தக் கேள்விக்கு விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாகப் பதில் தேடுகிறார்கள். அப்படித் தேடியவர்களில் ஒருவர் மும்பையைச் சேர்ந்த ஒரு பெண் விஞ்ஞானி. அவர் பெயர் விதிதா வைத்யா.

இந்தக் கேள்விக்கும் நம் வீட்டுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. நம்மில் பலருக்கு மனச்சோர்வு வருகிறது. அது என்ன நோய்? அது குணமாகுமா? மருந்து எப்படி வேலை செய்கிறது? இவற்றைப் புரிந்துகொள்ள இந்த ஆராய்ச்சி உதவுகிறது.

முதலில் மூளையைப் பற்றித் தெரிந்துகொள்வோம்.

மூளைக்குள் என்ன இருக்கிறது?

வளர்ந்த மனிதரின் மூளை ஏறக்குறைய 1,300 கிராம் முதல் 1,400 கிராம் வரை எடை இருக்கும். உடம்பின் எடையில் இது 50-இல் ஒரு பங்குதான். ஆனால் நாம் சாப்பிடும் சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் சக்தியில் 5-இல் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்கிறது. அவ்வளவு வேலை அதற்கு.

வீடு செங்கற்களால் ஆனது. உடம்பு செல்களால் ஆனது. செல் மிகச் சிறியது. கண்ணுக்குத் தெரியாது. செல்லை உயிரணு என்றும் சொல்வார்கள்.

மூளையில் நரம்பு செல்கள் இருக்கின்றன. அவை எத்தனை தெரியுமா? சுமார் 8,600 கோடி!

ஒரு நரம்பு செல்லைப் பெரிதாக்கிப் பார்த்தால் மரம் போல இருக்கும். கிளைகள் இருக்கும். வேர் போன்ற நீண்ட இழையும் இருக்கும். ஒரு செல் அடுத்த செல்லுக்குச் செய்தி அனுப்பும். நாம் நினைப்பது, பேசுவது, சிரிப்பது, அழுவது எல்லாமே இந்தச் செய்திகளால்தான் நடக்கின்றன.

இரண்டு செல்களுக்கு நடுவே ஒரு சிறு இடைவெளி உண்டு. ஆற்றின் இரு கரைகளைப் போல. செய்தி அந்த இடைவெளியைத் தாண்ட வேண்டும். அதற்குச் சில ரசாயனப் பொருள்கள் உதவுகின்றன. அவைதான் ஓடம். செரடோனின் என்பது அப்படி ஒரு பொருள். நார்-அட்ரினலின் என்பது இன்னொரு பொருள். இந்த இரண்டு பெயர்களையும் நினைவில் வையுங்கள். பின்னால் மறுபடி வரும்.

"இனி முளைக்காது" என்றார்கள்

ஸ்பெயின் நாட்டில் ரமோன் இ கஹால் என்ற விஞ்ஞானி இருந்தார். நரம்பு செல்களை முதன் முதலில் தெளிவாகப் படம் வரைந்து காட்டியவர்களில் அவர் ஒருவர். அதற்காக 1906-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றார்.

பெரியவர்களின் மூளையில் புது நரம்பு செல் தோன்றாது என்று அவர் கருதினார். இருப்பது சாகலாம். புதிது பிறக்காது. இதுவே அவர் கருத்து.

மற்ற விஞ்ஞானிகளும் இதையே நம்பினார்கள். மருத்துவக் கல்லூரிகளில் இதையே பாடமாகச் சொன்னார்கள்.

1960-களில் அமெரிக்காவில் ஜோசப் ஆல்ட்மேன் என்பவர் எலிகளின் மூளையை ஆராய்ந்தார். வளர்ந்த எலியின் மூளையில் புது செல்கள் பிறப்பதைக் கண்டார். கட்டுரையும் எழுதினார். ஆனால் அவர் சொன்னதைப் பலர் பொருட்படுத்தவில்லை. பெரியவர்கள் சொன்னதற்கு மாறாக ஒருவர் சொன்னால் எளிதில் ஏற்பார்களா?

அடுத்து ஒரு பறவை சாட்சி சொல்ல வந்தது.

கேனரி என்று ஒரு சிறு பறவை உண்டு. இனிமையாகப் பாடும். ஆண் கேனரி ஒவ்வோர் ஆண்டும் புதுப் பாட்டு கற்றுக்கொள்ளும். நியூயார்க் நகரில் பெர்னாண்டோ நாட்டபோம் என்ற விஞ்ஞானி இந்தப் பறவையை ஆராய்ந்தார். 1980-களில் அவர் ஓர் உண்மையைக் காட்டினார். வளர்ந்த பறவையின் மூளையில் புது நரம்பு செல்கள் பிறக்கின்றன. பாட்டுக்கு உதவும் பகுதியிலேயே பிறக்கின்றன.

எலிக்குப் பிறக்கிறது. பறவைக்கும் பிறக்கிறது. மனிதருக்கு?

மனித மூளையில் தேடினார்கள்

உயிரோடு இருப்பவரின் மூளையை வெட்டிப் பார்க்க முடியாது. எப்படித் தேடுவது?

சுவீடன் நாட்டில் சில புற்றுநோயாளிகள் இருந்தார்கள். அவர்கள் உடம்பில் கட்டி எவ்வளவு வேகமாக வளர்கிறது என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்காக மருத்துவர்கள் ஒரு பொருளை ஊசி மூலம் செலுத்தினார்கள். அந்தப் பொருள் புதிதாகப் பிறக்கும் செல்லில் போய்த் தங்கும். பிறகு அந்தச் செல்லை அடையாளம் காணலாம். ஆட்டு மந்தையில் புதுக் குட்டிக்குச் சாயம் தடவி வைப்பது போல.

அந்த நோயாளிகள் இறந்த பிறகு 5 பேரின் மூளையை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். அவர்கள் 57 வயது முதல் 72 வயது வரை உள்ளவர்கள். அவர்கள் மூளையில் அடையாளம் பட்ட புது நரம்பு செல்கள் இருந்தன! சுவீடனின் பீட்டர் எரிக்சனும் அமெரிக்காவின் பிரெட் கேஜும் சேர்ந்து 1998-ஆம் ஆண்டில் இதை வெளியிட்டார்கள். உலகமே வியந்தது.

புது செல்கள் எங்கே இருந்தன? மூளையின் உள்ளே, இரண்டு காதுகளின் மட்டத்தில், இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக ஒரு பகுதி உண்டு. அது கடல் குதிரை என்ற மீனைப் போல வளைந்திருக்கும். அதனால் அதற்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். நாம் இங்கே அதைக் "கடல்குதிரைப் பகுதி" என்றே சொல்வோம். புது விஷயங்களை நினைவில் வைக்க இந்தப் பகுதி வேண்டும். நம் மனநிலைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

2013-ஆம் ஆண்டில் சுவீடன் விஞ்ஞானிகள் இன்னொரு வழியில் கணக்குப் போட்டார்கள். 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும் பெரிய நாடுகள் அணுகுண்டுகளை வெடித்துச் சோதனை செய்தன. அதனால் காற்றில் ஒருவகைக் கரி கூடியது. அது பயிர் வழியாக எல்லோர் உடம்பிலும் சேர்ந்தது. 1963-ஆம் ஆண்டில் அந்தச் சோதனைகளுக்குத் தடை ஒப்பந்தம் வந்தது. பிறகு அந்தக் கரி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. ஒரு செல்லுக்குள் அந்தக் கரி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தால், அது எந்த ஆண்டில் பிறந்தது என்று சொல்லலாம். இப்படிக் கணக்கிட்டார்கள். கடல்குதிரைப் பகுதி ஒவ்வொன்றிலும் நாளுக்குச் சுமார் 700 புது செல்கள் சேர்கின்றன என்றார்கள்.

எல்லோரும் இதை ஒப்புக்கொண்டார்களா? இல்லை. 2018-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரு குழு தேடிப் பார்த்தது. "குழந்தைகளிடம் புது செல்கள் இருக்கின்றன. பெரியவர்களிடம் எங்களால் காண முடியவில்லை" என்றது. அதே ஆண்டில் இன்னொரு குழு, "முதியவர்களிடமும் இருக்கின்றன" என்றது. 2025-ஆம் ஆண்டில் சுவீடன் குழு ஒரு புது ஆய்வை வெளியிட்டது. நரம்பு செல்களைப் பிறப்பிக்கும் தாய் செல்களைப் பெரியவர்களின் மூளையிலும் கண்டதாக அது சொன்னது. ஆனால் ஆளுக்கு ஆள் எண்ணிக்கை மிகவும் வேறுபட்டது.

அறிவியலில் இப்படித்தான். ஒருவர் சொல்வதை இன்னொருவர் சோதித்துப் பார்ப்பார். கேள்வி கேட்பார். பெரியவர் சொன்னார் என்பதற்காக மட்டும் எதையும் ஏற்கமாட்டார்கள்.

மும்பையில் ஓர் ஆய்வுக்கூடம்

மும்பையின் தென்முனையில் கொலாபா என்ற இடம் உண்டு. கடலோரம். அங்கே டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1945-ஆம் ஆண்டில் ஹோமி பாபா என்ற விஞ்ஞானி இதைத் தொடங்கினார்.

விதிதா வைத்யா மும்பையில் கல்லூரிப் படிப்பை முடித்தார். பிறகு அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பட்டம் பெற்றார். அங்கே ரொனால்ட் டூமன் என்பவர் அவருக்கு வழிகாட்டி. மனச்சோர்வு மருந்து மூளைக்குள் என்ன செய்கிறது என்பதுதான் டூமனின் கேள்வி.

டூமனின் குழு 2000-ஆம் ஆண்டில் ஒரு முக்கியமான செய்தியை வெளியிட்டது. வளர்ந்த எலிகளுக்கு மனச்சோர்வு மருந்தைப் பல நாள் கொடுத்தார்கள். அவற்றின் கடல்குதிரைப் பகுதியில் புது செல்கள் அதிகமாயின.

அதே 2000-ஆம் ஆண்டில் விதிதா வைத்யா இந்தியா திரும்பி, மும்பை நிறுவனத்தில் சேர்ந்தார். சொந்தமாக ஓர் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். இளம் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டார். எலிகளை வைத்து ஆராய்ச்சி நடத்தினார்.

அவருடைய குழு கண்டவற்றில் சிலவற்றைப் பார்ப்போம்.

ஒன்று. நார்-அட்ரினலின் என்ற பொருளைப் பற்றி முன்பே சொன்னோம். எலிகளின் மூளையில் அந்தப் பொருளைக் குறைத்தார்கள். உடனே கடல்குதிரைப் பகுதியில் புது செல்கள் பிறப்பது குறைந்தது. இது 2002-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

இரண்டு. புது செல்கள் பிறப்பதற்கு ஒரு தடையும் இருப்பதை அவர்கள் கண்டார்கள். கதவில் தாழ்ப்பாள் இருப்பது போல. அந்தத் தாழ்ப்பாளைத் திறக்கும் ஒரு பொருளையும், மனச்சோர்வு மருந்தையும் எலிகளுக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள். மருந்தின் பலன் சீக்கிரம் தெரிந்தது. இது 2010-ஆம் ஆண்டில் வெளிவந்தது. எலிகளில் கண்டதுதான் இது. மனிதர்கள் தாமாகச் செய்து பார்க்கக் கூடாது.

மூன்று. பிறந்த எலிக்குஞ்சுகளைத் தாயிடமிருந்து தினமும் 3 மணி நேரம் பிரித்து வைத்தார்கள். முதல் இரண்டு வாரங்கள் இப்படிச் செய்தார்கள். பிறகு தாயோடு விட்டுவிட்டார்கள். குஞ்சுகள் வளர்ந்தன. இளம் வயதில் அவற்றின் மூளையில் புது செல்கள் குறையவில்லை. கூடவே செய்தன! ஆனால் நடு வயது வந்ததும் நிலைமை மாறியது. புது செல்கள் குறைந்தன. நினைவுத் திறனும் குறைந்தது. இது 2013-ஆம் ஆண்டில் வெளிவந்தது. சிறு வயதில் பட்ட துன்பம் உடனே தெரியாமல் இருக்கலாம். பல காலம் கழித்தும் அது தலை காட்டலாம் என்று இது காட்டுகிறது.

நான்கு. ஒவ்வொரு செல்லுக்குள்ளும் சக்தியை உண்டாக்கும் சிறு உறுப்புகள் உண்டு. அவற்றை அடுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். செரடோனின் சேர்ந்தால் நரம்பு செல்லுக்குள் இந்த அடுப்புகள் கூடுகின்றன. செல்லுக்கு அதிக சக்தி கிடைக்கிறது. கஷ்டத்தைத் தாங்கும் வலிமையும் கிடைக்கிறது. இது 2019-ஆம் ஆண்டில் வெளிவந்தது.

விதிதா வைத்யாவுக்கு 2015-ஆம் ஆண்டில் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. இது இந்திய விஞ்ஞானிகளுக்கு அளிக்கப்பட்ட பெரிய விருதுகளில் ஒன்று. 2022-ஆம் ஆண்டில் இன்போசிஸ் பரிசும் கிடைத்தது.

கவலை மூளையை என்ன செய்கிறது?

கடன் தொல்லை. குடும்பத்தில் சண்டை. பயிர் கருகிவிட்டது. வேலை போய்விட்டது. இப்படிக் கவலைகள் வருகின்றன. சில நாளில் தீர்ந்துவிட்டால் மனமும் தேறிவிடும். பல மாதம் நீடித்தால்?

அமெரிக்காவில் எலிசபெத் கூல்டு என்ற பெண் விஞ்ஞானியின் குழு 1990-களில் இதை ஆராய்ந்தது. விலங்குகளைப் பயத்துக்கும் நெருக்கடிக்கும் உள்ளாக்கினால், அவற்றின் மூளையில் புது செல்கள் குறைவதைக் கண்டது.

பெங்களூரில் தேசிய உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. அங்கே சுமந்திரா சட்டர்ஜி என்ற விஞ்ஞானியின் குழு 2002-ஆம் ஆண்டில் இன்னொன்றைக் காட்டியது. எலிகளைத் தொடர்ந்து நெருக்கடியில் வைத்தார்கள். கடல்குதிரைப் பகுதியில் நரம்பு செல்களின் கிளைகள் சுருங்கின. ஆனால் பயத்தை உண்டாக்கும் பகுதியில் கிளைகள் வளர்ந்தன.

தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் இல்லை. நல்ல செடி வாடுகிறது. முள் செடியோ தழைக்கிறது. நீண்ட கவலையில் மூளைக்குள்ளும் இப்படித்தான் நடக்கிறது. எலிகளைக் கொண்டு விஞ்ஞானிகள் இதைத் தெரிந்துகொண்டார்கள்.

இதிலிருந்து நமக்கு என்ன தெரிகிறது? மனச்சோர்வு சோம்பல் அல்ல. திமிர் அல்ல. பேய் பிடித்ததும் அல்ல. கடவுள் கொடுத்த தண்டனையும் அல்ல. அது ஒரு நோய். மூளை என்ற உறுப்பும் அதில் பாதிக்கப்படுகிறது. நோயாளியைத் திட்டினால் நோய் போகாது. "எல்லோருக்கும்தான் கஷ்டம், எழுந்து வேலையைப் பார்" என்று சொன்னாலும் போகாது. கால் முறிந்தவரை ஓடச் சொல்வோமா?

மருந்து ஏன் நாள் எடுக்கிறது?

தலைவலி மாத்திரை போட்டால் ஒரு மணி நேரத்தில் வலி குறைகிறது. மனச்சோர்வு மாத்திரை அப்படி இல்லை. பலன் தெரிய 2 வாரம் ஆகலாம். நன்றாகத் தெரிய 4 முதல் 6 வாரம் கூட ஆகலாம்.

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பத்து நாள் சாப்பிடுகிறார்கள். "ஒரு பலனும் இல்லை" என்று நிறுத்திவிடுகிறார்கள்.

ஏன் இவ்வளவு நாள்? மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே மூளையில் செரடோனின் அளவு மாறத் தொடங்கிவிடுகிறது. ஆனால் அது மட்டும் போதாது. செல்களில் மாற்றம் வர வேண்டும். கிளைகள் துளிர்க்க வேண்டும். புது இணைப்புகள் உண்டாக வேண்டும். புது செல் பிறந்தாலும் அது வளர்ந்து வேலை செய்யப் பல வாரங்கள் ஆகும். விதை போட்ட மறுநாளே கதிர் அறுக்க முடியுமா?

2003-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ரெனே ஹென் என்பவரின் குழு ஒரு சோதனை செய்தது. சுண்டெலிகளின் கடல்குதிரைப் பகுதியில் எக்ஸ்-ரே கதிரைச் செலுத்தியது. புது செல்கள் பிறப்பது நின்றது. பிறகு மனச்சோர்வு மருந்தைக் கொடுத்தார்கள். மருந்தின் வழக்கமான பலன் தெரியவில்லை. அதனால் மருந்து வேலை செய்யப் புது செல்களும் உதவுகின்றன என்று நினைத்தார்கள்.

பின்னால் வந்த சில சோதனைகளில் புது செல் இல்லாமலும் சில பலன்கள் தெரிந்தன. ஆகவே மனச்சோர்வுக்குப் புது செல் குறைவது ஒன்றுதான் காரணம் என்று சொல்ல முடியாது. பரம்பரை, வாழ்க்கைத் துன்பம், வறுமை, உடல் நோய், தனிமை என்று காரணங்கள் பல. ஆனால் ஒன்று உறுதி. பெரியவர்களின் மூளையும் மாறக் கூடியது. அது கல் அல்ல. வாடியது மறுபடி துளிர்க்க வழி உண்டு.

மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க

மருத்துவர் சொன்ன நாள் வரை மாத்திரை சாப்பிட வேண்டும்.

உடம்பு தேறிவிட்டது என்று தாமாக நிறுத்தக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரலாம். நோயும் திரும்பி வரலாம்.

தொல்லை ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவர் அளவை மாற்றுவார். அல்லது வேறு மருந்து தருவார்.

ஒருவருக்குக் கொடுத்த மாத்திரையை இன்னொருவர் சாப்பிடக் கூடாது.

எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. சிலருக்கு ஆலோசனைப் பேச்சே போதும். சிலருக்கு இரண்டும் வேண்டும். இதை மருத்துவர் முடிவு செய்வார்.

"மூளை செல்லை வளர்க்கும் டானிக்" என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். அப்படி நிரூபிக்கப்பட்ட டானிக் எதுவும் கிடையாது. பணம்தான் போகும்.

நாம் செய்யக் கூடியவை

அமெரிக்காவில் பிரெட் கேஜின் குழு 1999-ஆம் ஆண்டில் ஒரு சோதனை செய்தது. சில சுண்டெலிகளின் கூண்டில் ஓடுவதற்கு ஒரு சக்கரம் வைத்தார்கள். அவை தினமும் ஓடின. ஓடிய சுண்டெலிகளின் மூளையில் புது செல்கள் அதிகமாக இருந்தன.

மனிதர்களுக்கும் நடைப்பயிற்சியும் உடற்பயிற்சியும் மனச்சோர்வைக் குறைக்க உதவுகின்றன. வேளாவேளைக்குத் தூங்க வேண்டும். வேண்டியவர்களோடு மனம் விட்டுப் பேச வேண்டும். மது கவலையை மறக்கச் செய்வது போலத் தோன்றும். ஆனால் அது மனச்சோர்வை மேலும் கூட்டும். மூளையையும் கெடுக்கும்.

குழந்தைகளை அடிப்பதையும் மிரட்டுவதையும் விட்டுவிட வேண்டும். சிறு வயதில் கிடைக்கும் அன்பு நெடுங்காலத்துக்குத் துணை நிற்கும்.

நோய் முற்றியிருந்தால் இவை மட்டும் போதாது. மருத்துவரிடம் போகத்தான் வேண்டும்.

எப்போது உதவி தேட வேண்டும்?

கீழே உள்ளவற்றில் பல அறிகுறிகள் 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும்.

• எப்போதும் மனம் பாரமாக இருப்பது.
• எதிலும் ஆசையோ விருப்பமோ இல்லாமல் போவது.
• தூக்கம் வராமல் இருப்பது, அல்லது எப்போதும் தூங்குவது.
• பசி குறைவது, அல்லது மிகவும் கூடுவது.
• காரணம் இல்லாமல் உடம்பு அசதி, வலி.
• எந்த வேலையிலும் கவனம் நிற்காமல் போவது.
• "நான் எதற்கும் உதவாதவன்", "நான் எல்லோருக்கும் பாரம்" என்று நினைப்பது.
• செத்துப் போகலாம் என்ற எண்ணம்.

பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கும் மனச்சோர்வு வரலாம். "குழந்தை பிறந்த வீட்டில் என்ன அழுகை?" என்று அவர்களைத் திட்டாதீர்கள். சிகிச்சை கொடுத்தால் குணமாகும்.

யாராவது சாகப் போவதாகச் சொன்னால் விளையாட்டாக நினைக்காதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தை அவர் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

எங்கே போவது?

2015-16-ஆம் ஆண்டுகளில் பெங்களூரின் நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனம் 12 மாநிலங்களில் கணக்கெடுத்தது. பெரியவர்களில் 100-இல் 10 பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருந்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. பலருக்கு வெட்கம். பலருக்கு எங்கே போவது என்று தெரியவில்லை.

1996-ஆம் ஆண்டில் மாவட்ட மனநலத் திட்டம் தொடங்கியது. அதன்படி பல மாவட்டங்களின் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு ஏற்படுத்தப்பட்டது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டாலும் வழி சொல்வார்கள்.

2017-ஆம் ஆண்டில் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது. அரசு நடத்தும் மருத்துவமனையில் மனநலச் சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. நோயாளியைச் சங்கிலியால் கட்டி வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது.

2022-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் தேதி டெலி-மானஸ் என்ற தொலைபேசிச் சேவையை மத்திய அரசு தொடங்கியது. அதன் எண் 14416. கட்டணம் இல்லை. இரவு பகல் எந்நேரமும் பேசலாம். தமிழிலும் பேசலாம்.

இந்த எண்ணை உங்கள் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள்.

கோடையில் மரம் இலை உதிர்த்து நிற்கிறது. பட்டுவிட்டது என்று யாரும் உடனே வெட்டிவிடுவதில்லை. தண்ணீர் ஊற்றிக் காத்திருக்கிறோம். மனம் சோர்ந்தவருக்கும் அதேபோலச் சிகிச்சையும் வேண்டும், பொறுமையும் வேண்டும், பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும்.

கூடிப் பேசுங்கள்

1. பெரியவர்களின் மூளையைப் பற்றி முன்பு விஞ்ஞானிகள் என்ன நினைத்தார்கள்? இப்போது என்ன தெரிந்திருக்கிறது?

2. மனச்சோர்வு மாத்திரையின் பலன் தெரிய ஏன் பல வாரம் ஆகிறது?

3. உங்கள் ஊரில் மனச்சோர்வு வந்தவரை மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள்? எப்படி நடத்த வேண்டும்?

4. உங்கள் மாவட்டத்தில் மனநலச் சிகிச்சை எங்கே கிடைக்கிறது? கேட்டுத் தெரிந்து, இங்கே எழுதுங்கள்.